பாலைவனத் துறைமுகம் மாநகரானது. நம் கையில் மிஞ்சியது என்ன?

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)



புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்பான இளைஞர்களே! துபையிலும் ஷார்ஜாவிலும் அபூதாபியிலும் அறைக் கட்டிலில் அமர்ந்து கைபேசியில் இதை வாசிக்கின்ற சபராளிச் சகோதரர்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழும்படி முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

இன்று நாம் பேசப்போவது ஓர் ஊரைப் பற்றி. அந்த ஊரின் பெயரைக் கேட்காத வீடு பரங்கிப்பேட்டையிலோ லால்பேட்டையிலோ கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்திலோ இருக்க முடியாது. நம் வீட்டு அடுப்பு எரிந்தது அங்கிருந்து வந்த பணத்தில். நம் பிள்ளைகள் படித்ததும் நம் பள்ளிவாசல்களின் மனாராக்கள் உயர்ந்ததும் அந்தப் பணத்தில்தான். துபை என்று சொன்னால் கட்டடமும் தங்கமும் நினைவுக்கு வருகின்றன. ஒரு முஃமின் ஊர்களைப் பார்க்க வேண்டிய பார்வை வேறு. பூமியில் சுற்றித் திரிந்து, முன்னிருந்தவர்களின் முடிவு என்ன ஆனது என்று பாருங்கள் என அல்லாஹ் திருக்குர்ஆனில் பல இடங்களில் நம்மை அழைக்கிறான். அந்தப் பார்வையோடு இன்று துபையைப் பார்ப்போம். அதே பார்வையோடு நம் ஊரையும் பார்ப்போம்.

மக்காவும் ஒரு பாலைவன வணிக ஊர்தான்

அன்புக்குரியவர்களே! பாலைவனத்தில் ஒரு வணிக நகரம் எழுவது உலகத்துக்குப் புதிதல்ல. இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மனைவியையும் பால்குடிக் குழந்தையையும் கொண்டுபோய் விட்ட இடம் எப்படிப்பட்டது? பயிர் பச்சை முளைக்காத ஒரு பள்ளத்தாக்கு. மனிதர்களின் உள்ளங்களை இவர்கள் பக்கம் சாயச் செய்வாயாக, இவர்களுக்குக் கனிகளை உணவாகக் கொடுப்பாயாக என்ற கருத்தில் அங்கே நின்று அவர்கள் கேட்ட துஆவை சூரா இப்ராஹீமின் 37ஆம் வசனத்தில் காண்கிறோம். அந்த துஆவின் பலனாக அந்த ஊர் வணிகக் கூட்டங்கள் வந்துபோகும் தலமானது.

பிறகு குறைஷிகளின் காலம். மாரிக்காலத்தில் யமனுக்கும் கோடைக்காலத்தில் ஷாமுக்கும் அவர்களுடைய ஒட்டக வரிசைகள் போய் வந்தன. அந்தப் பயணங்களை நினைவூட்டவே அல்லாஹ் ஒரு சூராவை இறக்கினான். நம் வீட்டுச் சிறுபிள்ளைகளுக்கும் மனப்பாடமான சூரா அது. பசிக்கு உணவு கொடுத்தவன், பயத்துக்கு அபயம் கொடுத்தவன் எவனோ அவனை வணங்குங்கள் என்பது அதன் சாரம். வியாபாரத்தை விடுங்கள் என்று அல்லாஹ் சொல்லவில்லை. வணிகம் செய்யுங்கள், பயணம் போங்கள், ஆனால் யார் கொடுத்தது என்பதை மறக்காதீர்கள் என்பதே அங்கே நாம் பெறும் பாடம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு துபையின் கதைக்கு வருவோம்.

முத்தும் பசியும்

1833இல் பனூ யாஸ் கோத்திரத்தின் ஒரு பிரிவினர் அபூதாபியிலிருந்து பிரிந்துவந்து, கடல் உள்ளே நுழைந்து கிடந்த ஓர் உப்பங்கழியின் ஓரத்தில் குடியேறினார்கள். கிட்டத்தட்ட 800 பேர். ஈச்ச ஓலையில் வேய்ந்த வீடுகள், மீன்பிடிப்பு, முத்துக்குளிப்பு. அவ்வளவுதான் அந்த ஊர்.

1894இல் அப்போதைய ஆட்சியாளர் வெளியூர் வணிகர்களுக்கு வரிச்சலுகை கொடுத்தார். 1900களின் தொடக்கத்தில் எதிர்க்கரையான பாரசீகத்தின் லிங்கா துறைமுகத்தில் சுங்கம் கூடியதும், அங்கிருந்த வியாபாரிகள் பலர் துபைக்கு இடம் மாறினார்கள். 1909இல் அங்கே ஓர் அஞ்சலகம் திறக்கப்பட்டது. அது இந்திய அஞ்சல் துறையின் அஞ்சலகம். புழங்கிய பணமும் நம் ரூபாய்தான். 1966 வரைக்கும் அந்த மண்ணில் ரூபாயில்தான் கொடுக்கல் வாங்கல் நடந்தது. இன்று திர்ஹத்தின் விலையைத் தினமும் கைபேசியில் பார்க்கிற இளைஞர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலத்தை மக்களிடையே மாற்றி மாற்றிச் சுழல விடுகிறவன் அல்லாஹ்.

அன்றைய செல்வம் முத்து. முத்துக் குளித்தவர்களின் நிலை என்ன? கோடை மாதங்களில் மூக்கில் கவ்வி மாட்டி, காலில் கல்லைக் கட்டி, மூச்சடக்கி இறங்குவார்கள். போகும் முன் படகுத் தலைவனிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். தகப்பன் இறந்தால் கடன் மகன் தலையில் ஏறும். முத்து போய்ச் சேர்ந்ததோ மும்பைக்கும் ஐரோப்பாவின் ராணிமார் கழுத்துக்கும்.

பிறகு என்ன நடந்தது? ஜப்பானில் மிக்கிமோட்டோ என்பவர் சிப்பிக்குள் செயற்கையாகக் கருவிட்டு முத்து வளர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 1929இல் உலகப் பொருளாதாரமும் விழுந்தது. வளைகுடாவின் முத்து வாணிகம் 1930களில் சரிந்துபோனது. படகுகள் கரையில் கிடந்தன. பசி வந்தது.

சகோதரர்களே! தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்த ஒரு தொழிலை, பல்லாயிரம் மைல் தூரத்தில், யாரோ ஒருவர், ஒரு சிப்பிக்குள் செய்த வேலை முடித்துவிட்டது. ரிஸ்க் தொழிலின் கையில் இல்லை, அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மணலை அள்ளிய வேலை

ஆனால் அவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடவில்லை. இதையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கழிமுகம் மணலால் தூர்ந்துகொண்டிருந்தது. பெரிய மரக்கலங்கள் உள்ளே வர முடியாமல் தவித்தன. 1958இல் ஆட்சிக்கு வந்த ஷேக் ராஷித் பின் ஸயீத் காலத்தில், குவைத்திடம் கடன் வாங்கி மணலை அள்ளி ஆழப்படுத்தினார்கள். 1961 வாக்கில் அந்த வேலை நிறைவேறியது. இதைக் கவனியுங்கள்: அப்போது துபையில் எண்ணெய் கிடைத்திருக்கவில்லை. எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966இல், ஏற்றுமதி தொடங்கியது 1969இல்.

அதன் பிறகு வேகம் பிடித்தது. 1971 டிசம்பர் 2இல் ஐக்கிய அரபு அமீரகம் உருவானது. 1972இல் ராஷித் துறைமுகம், 1979இல் ஜபல் அலீ துறைமுகம், 1985இல் எமிரேட்ஸ் விமான நிறுவனம், 1999இல் கடலுக்குள் பாய்மர வடிவில் புர்ஜ் அல் அரப், 2010 ஜனவரி 4இல் 828 மீட்டர் உயரத்தில் புர்ஜ் கலீஃபா. 1968 கணக்கெடுப்பில் 60 ஆயிரத்துக்கும் குறைவான மக்கள் இருந்த ஊரில் இன்று 35 லட்சத்துக்கும் மேல் வாழ்கிறார்கள். எண்ணெய் அங்கே குறைவு என்பது தெரிந்து, எண்ணெய்ப் பணத்தைத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் போட்டார்கள். இன்று துபையின் வருமானத்தில் எண்ணெய்க்கு மிகச் சிறிய பங்குதான்.

ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததாகத் திர்மிதியில் வருகிறது. தவக்குல் என்பது சும்மா இருப்பதல்ல. வருமானம் வரும் காலத்திலேயே, வராத காலத்துக்கான ஏற்பாட்டைச் செய்வது. இந்த ஒரு விஷயத்தை துபையின் ஆட்சியாளர்கள் செய்தார்கள். துபையில் சம்பாதித்த நாம் செய்தோமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

உயர்ந்த கட்டடங்களைப் பற்றிய நபிமொழி

இந்தத் தலைப்பில் பேசும்போது எல்லோருக்கும் நினைவு வரும் ஹதீஸ் ஒன்று உண்டு. உமர் (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிமில் பதிவான ஜிப்ரீல் (அலை) அவர்களின் ஹதீஸ். ஈமான், இஸ்லாம், இஹ்ஸான் பற்றியெல்லாம் கேட்ட பிறகு, கியாமத்தின் அடையாளம் எது என்று கேட்கிறார்கள். காலில் செருப்பில்லாமல், உடுக்கத் துணியில்லாமல், வறுமையில் ஆடு மேய்த்துத் திரிந்தவர்கள் கட்டடங்களை உயர்த்துவதில் ஒருவரோடொருவர் போட்டி போடுவார்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொல்கிறார்கள்.

இந்த ஹதீஸை வைத்து ஒரு நாட்டை ஏளனம் செய்வது சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. அங்கே சம்பளம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே அந்த மக்களை இழித்துப் பேசுவதும் கேட்கிறோம். அது சரியல்ல. கியாமத்தின் அடையாளமாகச் சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் ஹராமாகவோ பழிக்கத்தக்கதாகவோ ஆகிவிடாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதன் விளக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். கட்டடம் கட்டுவது குற்றமல்ல. போட்டியும் பெருமையும்தான் நோய். அந்த நோய்க்கு 160 மாடி தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரன் இரண்டு மாடி கட்டினால் நான் மூன்று மாடி கட்டுவேன் என்று சொல்லும் நம் தெருவிலும் அது இருக்கிறது.

அந்தப் பெரிய கட்டடத்தைப் பற்றி 2011 ரமலானில் ஒரு செய்தி வந்தது. மேலே போகப் போக சூரியன் மறைவது தாமதமாகத் தெரியும் அல்லவா? எனவே புர்ஜ் கலீஃபாவின் 80ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் 2 நிமிடமும், 150ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று துபையின் தலைமை முஃப்தி ஃபத்வா சொன்னார். யோசித்துப் பாருங்கள். கோடி கோடியாகக் கொடுத்து உச்சியில் வீடு வாங்கியவர் தண்ணீர்க் குவளையோடு காத்திருக்கிறார். அதே கட்டடத்தின் வாசலில் துடைப்பத்தோடு நிற்கிற நம் ஊர்ப் பிள்ளைக்கு நோன்பு முதலில் திறந்துவிடுகிறது! எவ்வளவு உயரம் ஏறினாலும் அல்லாஹ்வின் நேரக்கணக்கிலிருந்து தப்பிக்க முடியாது.

அந்த உயரமும் கடன் இல்லாமல் எழவில்லை. 2009 நவம்பரில் துபை அரசின் பெருநிறுவனம் ஒன்று கடனைத் திருப்பித் தர அவகாசம் கேட்டபோது உலகச் சந்தைகளே ஆடின. அபூதாபி கைகொடுத்தது. புர்ஜ் துபை என்று இருந்த பெயர் திறப்பு விழா நாளில் அபூதாபி ஆட்சியாளரின் பெயரால் புர்ஜ் கலீஃபா ஆனது. நாடானாலும் வீடானாலும் கடன் என்பது என்ன என்று இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்.

யாருடைய வியர்வை?

சகோதரர்களே! அமீரகத்தில் இன்று இருக்கும் இந்தியர்கள் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அந்த நகரத்தின் சுவரும் சாலையும் கண்ணாடியும் யார் கையால் ஆனவை? சோனாப்பூரிலும் அல் கூஸிலும் ஓர் அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்து, விடியும் முன் பேருந்தில் ஏறியவர்களின் கையால் ஆனவை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளி வேலைக்கு அங்கே தடை உண்டு. அப்படி ஒரு சட்டம் தேவைப்படும் வெயில் எப்படிப்பட்டது என்பதை, ஊரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து "பணம் இன்னும் வரலையே" என்று கேட்பவர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 2006 மார்ச்சில், இன்று உலகமே நின்று படம் எடுக்கும் அந்த உயர்ந்த கோபுரத்தைக் கட்டிய தொழிலாளர்கள், கூலியும் நல்ல நடத்தையும் கேட்டுக் கொதித்தெழுந்தார்கள்.

கூலி விஷயத்தில் மார்க்கம் என்ன சொல்கிறது? கியாமத் நாளில் மூன்று பேருக்கு எதிராக நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் சொல்வதாக புகாரியில் ஒரு ஹதீஸ் குத்ஸி வருகிறது. அந்த மூவரில் ஒருவன், ஆளை வைத்து முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன். வியர்வை காயும் முன்பே கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற போதனை இப்னு மாஜாவில் வருகிறது.

அந்த எச்சரிக்கை அரபு முதலாளிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். விசாவை விற்றுக் காசு பார்க்கிற நம் ஊர் ஏஜென்ட் யார்? ஓட்டலில் வேலை என்று சொல்லி அனுப்பி, அங்கே ஒட்டகம் மேய்க்க விட்டது யார்? பல நேரங்களில் நம்மவர்தான். விசிட் விசாவில் அனுப்பி, போய் வேலை தேடிக்கொள் என்று கைவிட்டவரும் நம்மவர்தான். பள்ளியின் முதல் ஸஃப்பில் நின்றாலும் அந்தக் காசு ஹலாலாகிவிடாது. நம் வீட்டு வேலைக்கார அம்மாவின் சம்பளத்தை இழுத்தடிக்கிற சபராளியும் இதே ஹதீஸுக்குள் வருவார்.

நம்முடைய பந்தர் என்ன ஆனது?

இப்போது கொஞ்சம் வீட்டுப் பக்கம் திரும்புவோம்.

சிதம்பரத்திலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கும் இடம். போர்த்துக்கீசியர் புதிய துறைமுகம் என்ற பொருளில் போர்ட்டோ நோவோ என்றார்கள். நம் முன்னோர் மஹ்மூது பந்தர் என்றார்கள். டச்சுக்காரர், ஆங்கிலேயர், டென்மார்க்காரர் என்று ஒவ்வொருவராக வந்து பண்டகசாலை போட்ட ஊர் அது. மரக்காயர்களின் கப்பல்கள் நம் பக்கத்துத் துணிகளை ஏற்றிக்கொண்டு அச்சேக்கும் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் போய்வந்தன. அங்கே அச்சிடப்பட்ட தங்க வராகனுக்கு ஊரின் பெயரே பெயரானது. 1781 ஜூலை 1இல் ஹைதர் அலீயும் ஆங்கிலேயரும் மோதிய போரும் அங்கேதான். 19ஆம் நூற்றாண்டில் இரும்பு உருக்கும் ஆலையும் அங்கே இருந்தது.

துபையின் கரையில் ஓலை வீடுகள் எழுந்த 1833க்கு நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே, வெள்ளாற்றின் கரையில் பல நாட்டு மொழிகள் கேட்டன! பிறகு கடல் வணிகம் கம்பெனியின் கைக்குப் போனது. ஆலைத் துணி வந்து கைத்தறியை அடித்தது. பெரிய கப்பல்கள் சென்னைப் பக்கம் போயின. முகத்துவாரத்தில் மணல் ஏறியது. கப்பலுக்குச் சொந்தக்காரராக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், வேறொருவர் நாட்டில் கூலிக்குப் போனார்கள். முதலில் மலாயா, பர்மா. பிறகு வளைகுடா.

இதை யாரையும் பழிக்கச் சொல்லவில்லை. காலத்தின் சக்கரம் எப்படிச் சுழல்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். அன்று அவர்கள் மண்ணில் நம் ரூபாய், இன்று நம் மண்ணில் அவர்கள் திர்ஹம். நாளை? அதன் அறிவு அல்லாஹ்விடம்.

ஸபா என்ற மக்களின் கதையைத் திருக்குர்ஆன் அவர்கள் பெயராலேயே அமைந்த சூராவில் 15 முதல் 19 வரையிலான வசனங்களில் சொல்கிறது. வலப்புறமும் இடப்புறமும் தோட்டங்கள். வணிகப் பாதை நெடுக ஒன்றுக்கொன்று கண்ணில் படும் தூரத்தில் ஊர்கள். இரவும் பகலும் அச்சமில்லாப் பயணம். நன்றி செலுத்தச் சொன்னபோது புறக்கணித்தார்கள். அணை உடைந்து வெள்ளம் வந்தது, இனிய கனிகள் போய்க் கசப்பான மரங்கள் நின்றன. பயணத்தின் தூரத்தை அதிகமாக்கு என்று அவர்கள் வாய்விட்டே கேட்டார்களாம். கடைசியில் அவர்கள் சிதறடிக்கப்பட்டு, வெறும் பேச்சாகிப் போனார்கள்.

தூரம் ஒரு சோதனை சகோதரர்களே! அவர்கள் கேட்டு வாங்கிய தூரம் அது. நாம் வறுமையால் ஏற்றுக்கொண்ட தூரம் இது. வறுமை போன பிறகும் அந்தத் தூரத்தை நாம் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

பூட்டிய வீடும் காத்திருக்கும் மனைவியும்

நம் தெருக்களில் நடந்து பாருங்கள். முகப்பில் கிரானைட், உள்ளே நான்கு படுக்கையறை, வாசலில் பூட்டு. கட்டியவர் துபையில் எட்டுப் பேர் தங்கும் அறையில் மேல் கட்டிலில் படுத்திருக்கிறார். இருபது வருடம் உழைத்துக் கட்டிய வீட்டில் அவர் மொத்தமாகத் தூங்கிய இரவுகளை எண்ணினால் ஒரு வருடம் வருமா?

அன்ஸாரி ஒருவர் உயரமாகக் கட்டிய குவிமாடத்தைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் அவரிடம் முகம் கொடுக்காமல் இருந்ததும், காரணம் அறிந்த அந்தத் தோழர் போய் அதைத் தரைமட்டமாக்கியதும், அவசியத் தேவைக்கு மேல் எழுப்பும் கட்டடம் அதன் சொந்தக்காரருக்குச் சுமையே என்று நபியவர்கள் உணர்த்தியதும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது.

உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். இரவில் மதீனாவின் தெருவில் போகும்போது, கணவன் போர்க்களத்தில் இருக்க ஒரு பெண் தன் தனிமையைச் சொல்லிக் கவி பாடுவதைக் கேட்டார்கள். அமீருல் மூஃமினீன் அதைக் கேட்டுக் கடந்து போய்விடவில்லை. தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் எத்தனை காலம் கணவனைப் பிரிந்து பொறுத்திருப்பாள் என்று விசாரித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வருகின்றன. அதற்கு மேல் எந்தப் படைவீரரையும் வெளியே நிறுத்தி வைக்கக் கூடாது என்று ஆணையிட்டார்கள்.

ஜிஹாதுக்குப் போனவருக்கே நான்கு மாதம், ஆறு மாதம். மகனின் கல்யாண மண்டபத்துக்காகப் போனவருக்கு இரண்டு வருடம், மூன்று வருடமா? பிள்ளைக்கு அத்தா என்றால் கைபேசித் திரையில் தெரியும் ஒரு முகம். உம்மாவின் ஜனாஸா தொழுகையை வாட்ஸ்அப்பில் பார்த்து அறையில் அழுத மகன்கள் எத்தனை பேர் நம் ஜமாஅத்தில் இருக்கிறார்கள்! தன் பொறுப்பில் உள்ளவர்களை வீணாக்கிவிடுவதே ஒரு மனிதனுக்குப் போதுமான பாவம் என்ற கருத்தில் அபூதாவூதில் வரும் நபிமொழி, பணம் அனுப்பாதவரை மட்டும் குறிக்காது. பணத்தை மட்டுமே அனுப்பியவரையும் யோசிக்க வைக்கும்.

அந்தப் பணம் எங்கே போகிறது? எங்கிருந்து சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்று செல்வத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் மறுமையில் உண்டு எனத் திர்மிதியில் வருகிறது. முதல் கேள்விக்கு நம் சபராளி நிமிர்ந்து பதில் சொல்லிவிடுவார்: "யா அல்லாஹ், வெயிலில் நின்று சம்பாதித்தேன்" என்று. இரண்டாவது கேள்விக்கு? கைக்கூலிக்கு, சீர்வரிசைக்கு, ஆயிரம் பேர் விருந்துக்கு என்று சொல்லப்போகிறாரா? முத்துக்குளித்தவன் உயிரைக் கொடுத்து எடுத்த முத்து யார் கழுத்துக்கோ போனது. நம் சபராளியின் வியர்வை எந்த மண்டபத்தின் குப்பைத் தொட்டிக்குப் போகிறது?

இனி என்ன செய்வது?

அன்பானவர்களே! பேசிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. இன்றே தொடங்கக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, போகும் முன் கணக்குப் போடுங்கள். எத்தனை வருடம், எதற்காக, எவ்வளவு சேர்ந்ததும் திரும்புவேன் என்று மனைவியோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து எழுதி வையுங்கள். எல்லை வைக்காத சபருக்கு முடிவே இராது.

இரண்டு, முறையாகப் போங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவை. பதிவு பெற்ற ஏஜென்ட் 30 ஆயிரம் ரூபாயும் வரியும் தவிர அதிகமாகச் சேவைக் கட்டணம் வாங்க இந்தியச் சட்டத்தில் இடமில்லை. இந்த அனுமதியோடு போகிறவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில் விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் உண்டு. விசிட் விசாவில் ஒளிந்து வேலை செய்பவருக்கு இவை எதுவும் கிடைக்காது. அங்கே முதலாளி உங்கள் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

மூன்று, கடனையும் அமானிதத்தையும் எழுதி வையுங்கள். கொடுக்கல் வாங்கல் உள்ள முஸ்லிம் வஸிய்யத் எழுதி வைக்காமல் இரண்டு இரவு கழிப்பது தகாது என்ற போதனை புகாரியில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று மனைவிக்குத் தெரியாமல் கண்மூடுகிறவர்களின் குடும்பம் படும் பாட்டை நாம் பார்க்கிறோம்.

நான்கு, வருமானம் இருக்கும்போதே ஊரில் ஒரு வேரைப் பிடியுங்கள். 2020இல் கொரோனா வந்தபோது வேலை போய், மீட்பு விமானத்தில் இடம் கேட்டு நின்றவர்களை மறக்க வேண்டாம். எண்ணெய் தீரும் முன்பே துறைமுகம் கட்டினார்கள் என்று சொன்னேன். உங்கள் உடல்தான் உங்கள் எண்ணெய். அது தீரும் முன்பே ஒரு கடை, ஒரு துண்டு நிலம், பிள்ளைகளுக்கு ஒரு நல்ல படிப்பு என்று எதையாவது ஏற்படுத்துங்கள். முகப்புக்குப் போடும் கிரானைட் காசில் ஒரு மகளைப் பட்டதாரி ஆக்கலாம்.

ஐந்து, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு: மஹல்லாவில் யார் எந்த நாட்டில் இருக்கிறார், என்ன வேலை, அவசரத்துக்கு யாரிடம் பேசுவது என்று ஒரு பதிவேடு வையுங்கள். சம்பளம் கிடைக்காமல், சிறையில், மருத்துவமனையில் சிக்கியவர்களுக்காக இந்தியத் தூதரகத்தையும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையும் தொடர்பு கொள்ளத் தெரிந்த இரண்டு இளைஞர்களைப் பொறுப்பாக்குங்கள். திரும்பி வந்தவருக்கு பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுக்க வழி செய்யுங்கள். கைக்கூலி வாங்கும் கல்யாணத்துக்கு தஃப்தரைத் தர மாட்டோம் என்று உறுதியாக நில்லுங்கள்.

ஆறு, ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும்: அடுத்த முறை போன் வரும்போது, "எப்போ பணம் அனுப்புவே" என்று கேட்கும் முன், "சாப்பிட்டியா வாப்பா, உடம்பு எப்படி இருக்கு, எப்போ வரே" என்று கேளுங்கள்.

சகோதரர்களே! மஹ்மூது பந்தர் இருந்தது. முத்துத் துறை இருந்தது. இன்று கண்ணாடி மாநகரம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் நம் கடலூர்க் கரையில் சில நிமிடங்களில் என்ன நடந்தது என்று நம் கண்ணால் பார்த்தோம். நிலைத்திருப்பவன் அல்லாஹ் ஒருவனே. நம்மோடு கப்ருக்குள் வருவது வீட்டின் உயரமல்ல, ஹலாலாகச் சம்பாதித்ததும் சரியாகக் கொடுத்ததும் நன்றாக வளர்த்த பிள்ளையின் துஆவும்தான்.

யா அல்லாஹ்! கடல் கடந்து உழைக்கின்ற எங்கள் பிள்ளைகளின் உயிரையும் ஈமானையும் மானத்தையும் பாதுகாப்பாயாக! அவர்களுக்குப் பிழைப்பு கொடுத்த அந்த நாட்டில் அமைதியையும் நீதியையும் நிலைக்கச் செய்வாயாக! அவர்கள் கூலியை யாரும் பறிக்காதபடி காப்பாயாக! எங்கள் சொந்த ஊரிலேயே பரக்கத்தான ரிஸ்க்கின் வாசல்களைத் திறப்பாயாக! பிரிந்திருக்கும் குடும்பங்களை ஒன்று சேர்ப்பாயாக! சபரிலேயே மவுத்தாகி அந்த மண்ணில் அடங்கியவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.